துடுப்புச் சக்கரக் கப்பலின் மர மாதிரி
(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்தும் சொற்பொழிவு)



மதுரை மாநகரத்தாருக்கும், அதனைச் சூழ்ந்த சமவெளியில் பயிர் செய்து ஜீவிக்கும் குடிகளுக்கும் ஆற்றுக் கப்பல் என்பது கண்ணாற் கண்ட பொருளன்று. வையையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் பெருகும். பங்குனியில் மணலே மிஞ்சும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்கே பல ஆண்டுகளில் அணையிலிருந்து நீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. 1895-ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வையைக்கு வந்து சேர்ந்தது. அந்நீர் வயலுக்குப் பாய்ந்ததேயன்றி ஓடம் செலுத்துவதற்குப் பயன்பட்டதில்லை.

மதுரையார் அறிந்த மிதக்கும் வாகனம் ஒன்றே ஒன்று, அது தெப்பம். திருமலை நாயக்கர் காலத்தில், 1645-ஆம் ஆண்டில் அமைந்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில், தைப்பூசத் திருநாளன்று மீனாட்சியம்மையும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருளுவர். அந்தத் தெப்பத்துக்குத் துடுப்பு இல்லை, பாய் இல்லை, யந்திரமும் இல்லை. கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுக்க, அது மைய மண்டபத்தைச் சுற்றி வருகிறது. பலர் கை சேர்ந்தால் பெரும்பாரமும் நகரும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுவதில்லை.

இத்தகைய நாட்டில் துடுப்புச் சக்கரம் பூட்டிய ஆற்றுக் கப்பலைப்பற்றியும், அதனை மரத்தால் சிறு மாதிரியாகச் செய்வதைப்பற்றியும் பேசுவதன் பிரயோஜனம் யாது என்று கேட்கலாம். பிரயோஜனங்கள் இரண்டு. முதலாவது, இந்த ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து சென்ற அநேகம் குடும்பங்களின் ஜீவனம் அவ்விதக் கப்பலோடு பிணைந்திருந்தது. இரண்டாவது, ஏரும் வண்டியும் செய்து வந்த கிராமத் தச்சருக்கு இப்பொழுது வேலை குறைந்துவிட்டது. அவருடைய கைத்திறனை வேறு வழியில் திருப்ப இயலுமா, இயலுமாயின் நஷ்டமின்றி எவ்வாறு திருப்புவது என்பதைச் சங்கத்தார் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

ஆற்றுக் கப்பலும் தமிழரும்

நீராவியால் சக்கரத்தைச் சுழற்றிக் கப்பலைச் செலுத்தும் முறை அமெரிக்காவில் ராபர்ட் புல்டன் என்பவரால் 1807-ஆம் ஆண்டில் லாபகரமான தொழிலாயிற்று. அவருடைய கப்பல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரையில் ஏறத்தாழ 150 மைல் தூரத்தை ஹட்ஸன் ஆற்றில் 32 மணி நேரத்தில் கடந்தது. பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1823-ஆம் ஆண்டில், கல்கத்தாவை அடுத்த கிடர்ப்பூர்த் துறையில் ‘டயானா’ என்னும் துடுப்புச் சக்கரக் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. மறு ஆண்டு மூண்ட பர்மா யுத்தத்தில் ஆங்கிலக் கம்பெனியார் அதனை ஐராவதி ஆற்றுக்குக் கொண்டு சென்றனர். துடுப்பு வலிக்கும் ஆட்கள் களைத்துப்போவர், யந்திரமோ களைப்பதில்லை. பர்மியரின் நீண்ட போர்ப் படகுகள் அதனிடம் ஓட்டத்தில் தோற்றதற்கு இதுவே காரணம். 1834-ஆம் ஆண்டிலிருந்து கங்கையிலும் இரும்பாலாய நீராவிக் கப்பல்கள் ஓடலாயின.

ஐராவதி ஆற்றில் 1865-ஆம் ஆண்டில் ஒரு ஸ்காட்லாந்துக் கம்பெனி கப்பல் ஓட்டத் தொடங்கியது. ஐராவதி பிளாட்டில்லா கம்பெனி என்று பெயர் பெற்ற அது, சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்களை உடையதாய், உலகிலேயே மிகப் பெரிய ஆற்றுக் கப்பற் கூட்டமாக விளங்கியது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 80 லட்சம் முதல் 90 லட்சம் பிரயாணிகள் அவற்றில் ஏறி இறங்கினர். அவற்றுள் மிகப் பெரிய வகுப்புக்கு ‘சயாம்’ வகுப்பு என்று பெயர். அதன் நீளம் 326 அடி, அகலம் 46 அடி. மேல்தட்டில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு ரங்கூனுக்கும் மாண்டலேக்கும் இடையே ஆற்றை எதிர்த்துச் செல்லும். கப்பலோட்டிகளுள் பெரும்பாலோர் சிட்டகாங் பக்கத்து முகம்மதியர்.

அந்நாளில் மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து கூலி வேலைக்கும், கணக்கு வேலைக்கும், கடை வைப்பதற்கும் பர்மா சென்றோர் மிகப் பலர். செட்டிநாட்டு நகரத்தார் ஐராவதியின் கழிமுகத்து ஊர்களிலெல்லாம் கடை வைத்து, நெற்பயிருக்குக் கடன் கொடுத்து வந்தனர். அந்த நெல் ஆற்று வழியாகவே ரங்கூன் ஆலைகளுக்கு வந்தது. ஆகையால், தமிழ்நாட்டின் மிக வறண்ட கிராமத்தில் ஒரு கூரை வீடு ஓட்டு வீடானதற்கும், அங்கே ஓர் ஆற்றுக் கப்பலின் சக்கரம் சுழன்றதற்கும் சம்பந்தம் உண்டு.

1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தனர். லட்சக்கணக்கான இந்தியர் உயிர் தப்பி ஓடினர். கடல் மார்க்கம் அடைபட்டபின், மலையும் காடும் கடந்து கால்நடையாக வந்தவர்களுள் பல்லாயிரவர் வழியிலேயே பசியாலும் நோயாலும் மாண்டனர். எதிரி கைக்குப் போகலாகாதென்று, அவ்வாண்டில் மாண்டலே அருகில் மட்டும் 90-க்கு மேற்பட்ட கப்பல்களை அவற்றின் சொந்தக்காரரே ஆற்றில் அமிழ்த்தினர். 1960-களில் பர்மா அரசாங்கம் வியாபாரங்களைத் தேசவுடைமையாக்கியபோது மறுபடியும் பெருந்தொகையானவர் திரும்பினர். அவர்களுள் பலர் தமிழ்நாட்டில் குடியமர்த்தப்பட்டனர்.

திரும்பியவர்களிடம் சொத்து இருக்கவில்லை, கதைகளே இருந்தன. ‘வீடு மாதிரி உயரம், இரண்டு பக்கமும் சக்கரம், தூரத்திலேயே சத்தம் கேட்கும்’ என்று பாட்டனார் சொல்லப் பேரப்பிள்ளைகள் கேட்ட காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. சொன்னவர்கள் மறைகின்றனர், கப்பல்களும் இல்லை. எஞ்சியவை சில புகைப்படங்களே. அப்படங்களைக் கொண்டு ஒரு கை தேர்ந்த தச்சர் செய்யும் மரக் கப்பல், அந்தக் குடும்பத்துக்கு வெறும் அலங்காரப் பொருளாக இராது.

சக்கரம் வேலை செய்யும் விதம்

மாதிரி செய்ய விரும்புவோர் முதலில் அசலின் இயல்பை அறிதல் வேண்டும். நீர் விசையால் ஆலைச் சக்கரம் சுழல்வதைப் பலர் அறிவர். அங்கே ஓடும் நீர் சக்கரத்தைத் தள்ளுகிறது. கப்பலிலோ சக்கரம் நீரைப் பின்னே தள்ளுகிறது. நீரைப் பின்னே தள்ளுவதால் கப்பல் முன்னே செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் குட்டநாட்டுக் குடியானவர், தாழ்ந்த வயல்களிலிருந்து நீரை வெளியேற்ற, மரப் பலகைகள் பொருத்திய சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுழற்றுவது வழக்கமாயிருந்தது. துடுப்புச் சக்கரத்தின் தத்துவம் முழுவதும் அதிலே அடங்கியிருக்கிறது.

சக்கரத்தின் விளிம்பில் பலகைகள் பல பொருத்தப்பட்டிருக்கும். ஒரு சமயத்தில் இரண்டு மூன்று பலகைகளே நீருக்குள் இருக்கும். பலகை சக்கரத்தோடு அசையாமற் பிணைக்கப்பட்டிருந்தால், நீருள் இறங்கும்போது அது நீரை அறையும். ஏறும்போது நீரை வாரி மேலே எறியும். இவ்விரண்டும் வீண் உழைப்பு. இதனை நீக்க, பிற்காலத்துப் பெரிய கப்பல்களில் ஒவ்வொரு பலகையையும் கீலில் பொருத்தி, சக்கரத்தின் அச்சுக்குச் சிறிது விலகிய வேறொரு மையத்திலிருந்து கம்பிகளால் இணைத்தனர். அதனால் பலகை எப்பொழுதும் ஏறத்தாழச் செங்குத்தாகவே நீரில் இறங்கி ஏறும்.

சக்கரக் கப்பலுக்கு ஒரு பெருங்குணமும் ஒரு பெருங்குறையும் உண்டு. பின்புறத்தில் ஆழத்தில் சுழலும் திருகு வேண்டாமையால், அது நான்கைந்தடி ஆழமே உள்ள ஆற்றிலும் செல்லும். கோடையில் நீர் வற்றி மணற்றிட்டு எழும் ஐராவதிக்கும் கங்கைக்கும் இதுவே ஏற்றது. குறையோ பாரத்தைப் பற்றியது. சுமை அதிகமானால் கப்பல் அமிழும். சக்கரமும் வேண்டியதற்கு மேல் ஆழ்ந்து சுழல மாட்டாமல் யந்திரம் திணறும். சுமை மிகக் குறைந்தாலோ, பலகைகள் நீரை எட்டாமல் காற்றைக் கலக்கும். கடலில் அலை ஏறி இறங்கும்போது ஒரு பக்கச் சக்கரம் மூழ்க, மறுபக்கச் சக்கரம் வானைப் பார்க்கும். 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படையார் ‘ராட்லர்’ என்னும் திருகுக் கப்பலையும், ‘அலெக்டோ’ என்னும் சக்கரக் கப்பலையும் பின்புறம் கயிற்றால் பிணைத்து எதிரெதிரே இழுக்கவிட்டுப் பரீட்சித்தனர். திருகுக் கப்பல் சக்கரக் கப்பலைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அதுமுதல் கடலில் திருகு நிலைபெற்றது. ஆற்றில் சக்கரம் நெடுங்காலம் நின்றது. வங்காளத்தின் ஆறுகளில் ‘மசூத்’, ‘ஆஸ்ட்ரிச்’ முதலான சக்கரக் கப்பல்கள் 1920-களின் இறுதியில் வந்து, அந்த நூற்றாண்டு முடியும் வரையிலும் ஓடின.

அங்கத்தினர் இதில் ஒன்றைக் கவனித்தல் நலம். அளவான பாரம் இருக்கும்வரையில்தான் சக்கரம் கப்பலைத் தள்ளும். கடனும் அவ்விதமே. அளவான கடன் தொழிலை முன்னே தள்ளும். அளவு மீறினால் உழைப்பெல்லாம் வட்டியில் அமிழ்ந்துபோகும்.

மாதிரி விளையாட்டுப் பொருளா?

‘பொம்மைக் கப்பல் செய்வதா தொழில்?’ என்று எளிதாய் நகைப்பவர் உண்டு. அவர்கள் பின்வருவதை அறிவார்களாக. வில்லியம் புரூட் என்னும் ஆங்கில நிபுணர் 1870-களின் தொடக்கத்தில் டார்க்கி என்னுமிடத்தில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றைக் கட்டி, சிறிய கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கணக்கிட்டார். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்னும் ஊரில் டென்னி என்னும் கப்பல் கட்டும் ஸ்தாபனத்தார் 1883-ஆம் ஆண்டில் அத்தகைய தொட்டி ஒன்றைத் தங்களுக்கென்றே அமைத்தனர். மெழுகால் மாதிரிகளை வார்த்து, சீவி, மிதக்கவிட்டு, குறைகளைத் திருத்திய பின்னரே இரும்பை வெட்டினர். ஐராவதிக் கம்பெனிக்கு அநேகம் கப்பல்களைக் கட்டிக் கொடுத்தவரும் அந்த டென்னி ஸ்தாபனத்தாரே. ஆகவே பெருங்கப்பலுக்கு முன்னோடி சிறு மாதிரி. சிற்றுருவில் கண்டுபிடித்த பிழைக்குச் சில அணாவே செலவு. பேருருவில் கண்டுபிடித்த பிழைக்கு லட்சம் செலவு.

தமிழ்நாட்டிலும் மாதிரிகள் செய்வது புதிதன்று. தஞ்சையில் நெட்டியைக் கொண்டு பெரிய கோயிலைச் சிற்றுருவாகச் செய்கின்றனர். பெரம்பலூர் ஜில்லா அரும்பாவூரில் வாகை, மா முதலிய மரங்களில் தெய்வ உருவங்களைச் செதுக்குகின்றனர். இவ்விரு தொழில்களுக்கும் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேருக்கு அச்சும் ஆரமும் சேர்த்த கைகளுக்கு ஒரு சிறு கப்பலின் சக்கரத்தைச் சேர்ப்பது ஆகாத காரியமன்று.

செய்முறை

முதற்கண் அளவு தீர்மானித்தல் வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கொண்டால், 326 அடிக் கப்பல் 32½ அங்குலத்துக்குச் சிறிது மேற்பட்ட மாதிரியாகும். 46 அடி அகலம் 4½ அங்குலத்துக்குச் சிறிது மேற்படும். வீட்டுக் கூடத்தில் வைப்பதற்கு இது தகுந்த பரிமாணம். பிற அளவுகளைப் பக்கவாட்டுப் புகைப்படத்திலிருந்து எடுக்கலாம். உதாரணமாக, படத்தில் கப்பலின் நீளம் 13 அங்குலமாயிருந்தால், படத்தின் ஓர் அங்குலம் அசலில் ஏறத்தாழ 25 அடிக்குச் சமம். படத்தில் சக்கரப் பெட்டி ஓரங்குலம் இருப்பின் அசலில் 25 அடி; மாதிரியில் 2½ அங்குலம். சாய்வாக எடுத்த படம் இதற்கு உதவாது. கண்ணளவை நம்பாமல் எல்லா அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது உத்தமம்.

கப்பலின் அடிப்பாகத்தை ஒரே கட்டையில் குடைவதைவிட, அரையங்குலப் பலகைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கிச் செய்வது சுலபம். ஒவ்வொரு பலகையிலும் அந்த உயரத்தில் கப்பல் எவ்வடிவாயிருக்குமோ அவ்வடிவை வரைந்து அறுத்து, நடுவைக் குடைந்து, வச்சிரப்பசை தடவி அடுக்கி, பாரம் வைத்து ஒரு நாள் உலரவிடவேண்டும். பின்னர் இழைப்புளியாலும் அரத்தாலும் படிகளைச் சீவி, உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் வழவழப்பான வளைவு கிடைக்கும். கப்பலின் இருபுறமும் சமமாயிருக்கின்றனவா என்பதை அறிய, ஒரு புறத்துக்கு அட்டையில் அச்சு வெட்டி, அதையே மறுபுறத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இது செய்யாவிடில் கப்பல் ஒரு பக்கம் கோணும்.

மரம் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். மதுரைச் சீமையின் கோடையில், பச்சை மரத்தால் செய்த எதுவும் வைகாசிக்குள் வெடித்துவிடும். தேக்கு சிறந்தது, ஆனால் விலை அதிகம். பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கிடைக்கும் தேக்கு உத்திரம், சன்னல் சட்டம் முதலியவற்றின் துண்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. அவை அநேக ஆண்டுகள் உலர்ந்தவை, விலையும் குறைவு. பழைய ஆணிகளை முன்னதாகப் பிடுங்கிவிடவேண்டும். இல்லையேல் உளியின் வாய் மழுங்கும். தட்டுக்களுக்கு மெல்லிய பலகையும், தட்டுக்களைத் தாங்கும் சிறு தூண்களுக்கு மூங்கிற் சிம்பும் போதும். புகைபோக்கியைக் கடைசல் பிடித்துக்கொள்ளலாம்.

வேலையின் உயிர்நிலை சக்கரமே. கவராயத்தால் வட்டம் வரைந்து, அதைப் பலகைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி சமபாகமாகப் பிரிக்கவேண்டும். எட்டுப் பலகைகள் எனின், வட்டத்தை நான்காக்கி, ஒவ்வொன்றையும் பாதியாக்குவது எளிது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சுப் பலகையில் வைத்துத் துளையிட்டால் அவை ஒன்றுபோலிருக்கும். அச்சுக்குப் பித்தளைக் கம்பி இட்டால் துருப்பிடியாது. விரலால் தட்டினால் சக்கரம் தங்குதடையின்றிச் சுழன்று, பெட்டியில் உராயாமல் நிற்கவேண்டும். அசலில் கீலுள்ள பலகைகளை இவ்வளவு சிறிய மாதிரியில் செய்வது மிக்க சிரமம். முதல் மாதிரிக்கு அசையாப் பலகைகளே போதும்.

மாதிரி மிதக்கவேண்டுமாயின், அடியில் சிறிது ஈயமோ இரும்போ வைத்துத் தோட்டத் தொட்டியில் விட்டுப் பார்த்து, சக்கரத்தின் கீழ்ப் பலகை மட்டும் நீரில் முழுதும் அமிழுமாறு பாரத்தைச் சரிசெய்யவேண்டும். பிறகே மெருகு. வர்ணத்தை அதிகமாக அப்பினால் கைவேலை மறைந்துபோகும். மெருகெண்ணெய் தடவி மரத்தின் ரேகை தெரியும்படி விடுவதே அழகு.

தச்சரின் கணக்கு

இனி முக்கியமான விஷயம் கணக்கு. கிராமத்துக் கைத்தொழிலாளர் நஷ்டப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவன்று. தம்முடைய நாட்கூலியைக் கணக்கிற் சேர்க்காமையே.

உதாரணத்துக்கென்று ஒரு கணக்கைக் கொள்வோம். முதல் மாதிரிக்கு மரம், பசை, கம்பி, மெருகு ஆகியவற்றுக்கு 900 ரூபாயும், பெட்டியில் வைத்து அனுப்ப 500 ரூபாயும் ஆகின்றன; வேலை 12 நாள் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 800 ரூபாய் கூலி எனின் 9,600 ரூபாய். ஆக அடக்கவிலை 11,000 ரூபாய். ஒரு தரகர் வந்து 4,000 ரூபாய் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டால், தச்சர் 3,100 ரூபாய் லாபம் என்று எண்ணி மகிழ்வார். உண்மையில் மரம், பெட்டிச் செலவு 1,400 போக மிஞ்சுவது 2,600 ரூபாயே. 12 நாளைக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 217 ரூபாய்கூட இல்லை. வயலில் களை பறிக்கப் போயிருந்தாலும் அதிகம் கிடைத்திருக்கும்.

அதே தச்சர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, அச்சுப் பலகைகளை ஒருமுறை செய்து வைத்து, ஐந்து கப்பல்களுக்கு வேண்டிய பாகங்களை ஒருங்கே அறுத்தால், ஒரு கப்பலுக்கு 7 நாள் ஆட்கூலியே ஆகக்கூடும். அப்பொழுது கூலி 5,600, இதர செலவு 1,400, அடக்கம் 7,000. ஐந்தில் ஒருவர் சக்கரத்திலும், ஒருவர் அடிப்பாகத்திலும் கைதேர்ந்துவிடுவர். வேலை தரமாகும், விலையும் குறையும். தனித் தச்சரால் ஆகாததும் சேர்ந்து செய்தால் ஆவதும் இதுவே.

எனினும், இம்மாதிரிக்கு வாங்குவோர் ஊர்தோறும் இருப்பர் என்று எவரும் எண்ணலாகாது. இது அரிசியோ உப்போ அன்று. பர்மாவில் வாழ்ந்த குடும்பங்கள், பள்ளிக்கூடங்கள், பொருட்காட்சி சாலைகள், சுற்றுலா வருவோர் ஆகியவர்களே வாங்குவர். ஆகையால் ஒரு மாதிரியைச் செய்து காட்டி, உத்தரவு கையில் வந்தபின் அடுத்ததைத் தொடங்குவதே விவேகம். உத்தரவின்றி ஐம்பது கப்பலுக்கு மரம் வாங்கக் கடன் கேட்கும் அங்கத்தினருக்கு, மறுத்துரைக்கும் நிர்வாகக் குழுவே அவருக்கு உற்ற நண்பன். 1973-ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுவிய பூம்புகார் என்னும் கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் போன்ற விற்பனை நிலையங்களில் முதல் மாதிரியைக் காட்டி அபிப்பிராயம் கேட்டல் தக்கது.

இரண்டு கம்பெனிகளின் வரலாறு

சேர்ந்து தொழில் செய்வோர் எங்கே வழுக்கி விழுகின்றனர் என்பதற்கும் கப்பல் வரலாற்றிலேயே சாட்சியம் இருக்கிறது.

மகாகவி தாகூரின் தமையனார் ஜோதிரிந்திரநாதர் ஒரு கப்பலின் கூட்டை ஏலத்தில் எடுத்து, அதற்கு யந்திரம் பூட்டி, ‘சரோஜினி’ என்று பெயரிட்டு, 1884-ஆம் ஆண்டில் வங்காளத்தில் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே ஆற்றில் ஓட்டினார். அவ்வழியில் முன்னரே கப்பல் விட்டிருந்த ஆங்கிலக் கம்பெனியோடு போட்டி மூண்டது. கட்டணம் குறைந்துகொண்டே வந்தது. இறுதியில் பிரயாணிகள் காசின்றி ஏறியதோடு சிற்றுண்டியும் பெற்றனர். ஊர் இளைஞர் உற்சாகத்தோடு ஆட்களைக் கூட்டி வந்தனர். கப்பல் நிறைந்தது, பெட்டி காலியாயிற்று. ‘சுதேசி’ என்னும் அவருடைய கப்பல் ஹௌரா பாலத்தருகே மூழ்கியதோடு தொழில் முடிந்தது. தேசபக்தியில் குறைவில்லை, கணக்கில் குறைவு இருந்தது.

மற்றொன்று தூத்துக்குடியில் நிகழ்ந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கொன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். சிறு வியாபாரியும் வாங்கத்தக்க பங்கு அது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் அதற்குத் தலைவராயிருந்தார். ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கடற்கப்பல்கள் பிரான்சிலிருந்து வந்து தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிரிக் கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாயாக்கியது. எதிரியோ இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுக்க முன்வந்தது. 1908-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். தலைவனை இழந்த கம்பெனி அரசாங்கத்தின் அடக்குமுறையையும், பணம் படைத்த எதிரியின் போட்டியையும் ஒருங்கே தாங்கமாட்டாமல் 1911-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது.

இரண்டிலும் ஓர் உண்மை உண்டு. எதிரி இன்று குறைந்த விலையில் கொடுப்பது அன்பினால் அன்று. நாளை போட்டியில்லாதபோது தன் இஷ்டப்படி விலை வைப்பதற்கே. இலவசக் குடையை வாங்கிக்கொண்டவர் பின்னால் முழுக் கட்டணம் கொடுத்தே பிரயாணம் செய்ய நேர்ந்தது. சங்கத்திலிருந்து விதையும் உரமும் கடனும் பெற்றுக்கொண்டு, விளைந்ததை ஓரணா கூடக் கொடுக்கும் தரகருக்கு விற்றுவிடும் அங்கத்தினர் இதனை மனத்தில் வைப்பாராக.

சங்கம் செய்யத்தக்கவை

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திரூர் கிராமத்தில் சென்னை ராஜதானியின் முதற் கிராமக் கடன் சங்கம் தோன்றியது. பிரடரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கையே அதற்கு வித்து. ஒருவரையொருவர் அறிந்த கிராமத்தார், ஒருவர் நாணயத்துக்கு மற்றவர் பொறுப்பேற்பது என்பதே அதன் சாரம். இந்தப் பழைய தத்துவத்தைத் தச்சருக்கும் பொருத்தலாம்.

பின்வருவனவற்றைச் சங்கத்தார் ஆலோசிக்கலாம். ஊரில் தச்சு வேலை அறிந்தோர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேருக்கு ஆண்டில் எத்தனை மாதம் வேலையில்லை என்று கணக்கெடுத்தல். விலையுயர்ந்த கருவிகளை ஒவ்வொருவரும் கடன்பட்டு வாங்காமல், கடைசல் யந்திரம் போன்றவற்றைப் பொதுவில் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தல். பழைய மரத்தை மொத்தமாக வாங்கி நிழலில் அடுக்கி வைத்தல். ஒவ்வொரு பொருளுக்கும் நாட்கூலி உள்பட அடக்கவிலை எழுதி வைத்து, அதற்குக் குறைந்து எவரும் விற்பதில்லை என்று ஒப்புக்கொள்ளுதல். இவற்றுக்குப் பெருந்தொகை வேண்டுவதில்லை, கட்டுப்பாடு வேண்டும்.

கிராமத்தில் பர்மா சென்று வந்த முதியோர் எவரேனும் இன்னும் இருப்பின், மாதிரி செய்யும் இளைஞர் அவரிடம் சென்று, கப்பல் எப்படியிருந்தது, எங்கே ஏறினார்கள், எங்கே படுத்தார்கள், என்ன உண்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது மிக்க நலம். புகைப்படம் காட்டாத செய்தியை அவர் வாய்மொழி காட்டும். காலம் தாழ்த்தினால் அது எந்த விலைக்கும் கிடையாது.

தெப்பக்குளத்துத் தெப்பம் வடம் பிடிப்போர் கையால் நகர்கிறது. ஆற்றுக் கப்பல் சக்கரத்தால் நகர்ந்தது. வடத்தை ஒருவர் விட்டால் மற்றவர் பாரம் கூடும். சக்கரத்தில் ஒரு பலகை முறிந்தால் மற்றப் பலகைகளின் உழைப்பும் தடுமாறும். ஒவ்வொரு பலகையும் தன் முறை வந்தபோது நீரில் இறங்கி, தள்ளவேண்டியதைத் தள்ளிவிட்டு, அடுத்ததற்கு வழிவிடுகிறது. வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்தி, அடுத்த அங்கத்தினருக்கு அப்பணம் உதவுமாறு வழிவிடுபவர் செய்வதும் அதுவே. சங்கம் என்னும் கப்பல் அவ்வகை அங்கத்தினர்களாலேயே கரை சேரும்.